திரட்டிய குறிப்பும் தொகுத்த ஏடும்



பிழைப்பை நாடியோ, பணிமாற்றத்தாலோ, மணவாழ்வின் பொருட்டோ தமிழகத்தை விட்டு வேற்று மாநிலம் செல்லும் குடும்பம் ஒவ்வொன்றும் தன் சமையலறையையும் உடன் கொண்டு செல்கிறது. அம்மியும் ஆட்டுக்கல்லும் நெடும் பயணத்துக்கு உதவா. ஆயினும், குழம்புப் பொடி டப்பாவும், இட்லித் தட்டும், கோடிட்ட ஒரு குறிப்பேடும் எப்படியோ பெட்டியில் இடம் பெற்றுவிடும். மும்பையின் மாதுங்காவிலும், தில்லியின் கரோல் பாகிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும் முருங்கைக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் தேடி அலைந்த தலைமுறையினருக்கு அக்குறிப்பேடே பெருந்துணையாக இருந்தது. எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் படிந்த பக்கத்தைக் கண்டவுடனேயே அதுதான் புளியோதரைப் பக்கம் என்று அவர்கள் அறிந்துகொண்டனர்.

இன்று அக்குறிப்பேட்டின் இடத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டுவிட்டது. அத்தை எழுதி அனுப்பிய செய்தி, அக்காள் குறிப்பேட்டின் நிழற்படம், யாரோ ஒருவர் சமைத்துக் காட்டிய காணொளி, அன்னையின் குரற்செய்தி என்று நாள்தோறும் ஏதேனும் ஒன்று வந்து சேர்கிறது. நாமும் பின்னர் உதவும் என்று அதைச் சேமித்து வைக்கிறோம். இங்ஙனம் சேர்ந்தவற்றை எண்ணிப் பார்த்தால் சில நூறு இருக்கும். அவற்றுள் நாம் எடுத்துப் பயன்படுத்தியவை எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் இரு கை விரல்களே போதுமானவை. இவ்வாறு சிதறிக் கிடக்கும் சமையற் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி, வேண்டிய போது வேண்டிய ஏடாக விரித்துக்கொள்வது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள்.

முதலில், எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒன்றைக் கூறிவிடுகிறோம். எங்கள் அன்னையார் மறைந்து ஓராண்டு நிறைந்த நாளன்று, அவர் கைப்பக்குவத்தில் நாங்கள் விரும்பி உண்ட மாவற்றல் குழம்பைச் சமைப்பதென்று உடன்பிறந்தோர் மூவரும் முடிவு செய்தோம். அதன் செய்முறையை அவர் தம் குரலிலேயே கைப்பேசி வழியாகச் சொல்லி அனுப்பியிருந்தது எங்கள் மூவருக்கும் நினைவில் இருந்தது. ஆனால் அது எந்த ஆண்டு, எவருக்கு அனுப்பியது என்பது ஒருவருக்கும் நினைவில்லை. ‘குழம்பு’ என்று தேடினோம். வந்து குவிந்தவற்றைப் பார்த்து முடிக்க இயலவில்லை. குரற்செய்திக்கோ பெயரே கிடையாது. அடுப்பை மூட்டும் நேரம் நெருங்கவே, நினைவில் இருந்தபடி சமைத்தோம். புளிப்பு மிஞ்சிவிட்டது. மூன்று வாரங்கள் கழித்து வேறு ஏதோ ஒரு கணக்கைத் தேடியபொழுது அச்செய்தி அகப்பட்டது. மாவற்றலே புளிப்பாகையால் வழக்கமான புளியில் பாதியே போடவேண்டும் என்று அதில் அவர் இருமுறை சொல்லியிருந்தார்.

அக்குறிப்பு எங்களிடம் இருக்கவே செய்தது. வேண்டிய நாளில் கைக்கு எட்டவில்லை என்பதே குறை. திரட்டுதல் வேறு, தொகுத்தல் வேறு என்பதை அன்று அறிந்துகொண்டோம். தானியத்தைக் களத்தில் குவிப்பது திரட்டு. அதைப் புடைத்துச் சலித்து, விதைக்கு இது, உலைக்கு இது என்று குதிரில் இடுவது தொகுப்பு.

அச்சிட்ட சமையல் நூல்கள் இத்தொகுப்பு வேலையை நமக்காகச் செய்து தந்தன. 1951ஆம் ஆண்டு வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ என்னும் நூலை நேயர்களுள் பலர் அறிவர். மணமாகி வெளியூர் செல்லும் பெண்ணுக்குச் சீர்வரிசையோடு அதையும் வைத்துக் கொடுத்த குடும்பங்கள் பல உண்டு. சாம்பார், குழம்பு, ரசம், கறி என்று பண்டத்தின் வகையைக் கொண்டு அடுக்கும் முறை அத்தகைய நூல்களுக்கு இயல்பானது. ஆயின், அச்சிட்ட நூலுக்கு ஒரே ஒரு வரிசைதான் இருக்க முடியும். ‘வெங்காயமின்றி, அரை மணிக்குள், வீட்டில் உள்ள பரங்கிக்காயைக் கொண்டு யாது சமைக்கலாம்?’ என்று கேட்டால், நூல் முழுவதையும் நாமே புரட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

இதே இடர்ப்பாட்டை நூலகத்தில் கண்டு, அதற்கு வழி வகுத்தவர் ஒரு தமிழர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் கணித ஆசிரியராகப் பணியாற்றியவர். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றிருந்தபோது, கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார் என்பர். அதே சில துண்டுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறாகப் பூட்டி, ஒருமுறை பாலமும் மறுமுறை வண்டியுமாக அமைப்பதைப் பார்த்தவுடன், நூல்களையும் இவ்வாறே வகைப்படுத்தலாகாதா என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. ஒரு நூலை ஒரே ஒரு பெட்டியில் அடைக்காமல், அதன் பல கூறுகளையும் தனித்தனியே குறித்து, அவற்றை இணைத்துக் காட்டும் ‘கோலன்’ பகுப்பு முறையை அவர் 1933ஆம் ஆண்டு வெளியிட்டார். பின்னர் அவரும் நம்மைப் போலவே வெளிமாநிலம் சென்றவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்து, பெங்களூரில் வாழ்ந்து 1972இல் மறைந்தார்.

இரங்கநாதன் வகுத்த கூறுகள் ஐந்து. பொருளின் தனித்தன்மை, அது ஆக்கப்பட்ட மூலப்பொருள், அதன்மேல் நிகழும் செயல், இடம், காலம் என்பவை அவை. சற்றே சிந்தித்தால், நம் அடுக்களைக்கும் இவை பொருந்துவதைக் காணலாம். பண்டம் யாது? எதனால் ஆனது? அவித்ததா, வறுத்ததா, அரைத்ததா? எவ்வூர் வழக்கம்? எந்த வேளைக்கும் எந்தப் பருவத்துக்கும் உரியது? இந்த ஐந்து வினாக்களுக்கும் விடையைக் குறிப்பின் தலையிலேயே எழுதி வைத்துவிட்டால், பிறகு எந்த வினாவைக் கொண்டும் அக்குறிப்பை அடையலாம்.

கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் இயங்கும் இன்றைய சமையற் குறிப்பு மென்பொருள்கள் பலவும் இம்முறையிலேயே செயல்படுகின்றன. விலையின்றிக் கிடைப்பனவும், வீட்டுக் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொள்ளத்தக்கனவுமான ‘மீலி’, ‘டேண்டூர்’ போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. மீலியில் ஒவ்வொரு குறிப்புக்கும் வகை, குறிச்சொல், கருவி என்னும் மூன்றையும் அளிக்க இயலும். எந்த மென்பொருளைக் கொண்டாலும் வேலை ஒன்றே: முதலில் குறிச்சொல் இடுதல், அடுத்துச் சலித்தல், இறுதியாக, சலித்ததை ஏடாகச் சேமித்தல்.

குறிச்சொல் இடுவதில் ஆர்வ மிகுதியால் பலர் இடறி விழுகின்றனர். ஒரு ரசத்துக்கு இருபது குறிச்சொற்கள் இட்டுவிட்டு, நான்காவது நாள் சலித்துப் போய் விட்டுவிடுகின்றனர். நம் வீட்டில் உண்மையாகவே எழும் வினாக்களுக்கு விடையளிக்கும் சொற்கள் மட்டும் போதும். வேலைக்குச் செல்வோர் இல்லத்தில் ‘அரை மணி’ என்பது இன்றியமையாதது. நீரிழிவு உள்ள முதியவர் இருப்பின் ‘சர்க்கரை சேராதது’ என்பது வேண்டும். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மட்டும் உரிய குறிச்சொல் ஒன்று உண்டு. ‘இவ்வூரில் கிடைக்கும்’ என்பதே அது. ஊரிலிருந்து வரவழைக்க வேண்டிய சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் கேட்கும் குறிப்புகளைத் தனியே நிறுத்தி, அண்டைச் சந்தையின் காய்களைக் கொண்டே சமைக்கத்தக்கவற்றைப் பிரித்துக் காட்டும் இச்சொல், வார நாட்களில் பெரிதும் உதவும்.

தமிழில் குறிப்பெழுதுவோர்க்கு மற்றோர் இடையூறும் உண்டு. ஒருவர் கத்தரிக்காய் என்று எழுதுவார். மற்றொருவர் கத்திரிக்காய் என்பார். கறிவேப்பிலையும் கருவேப்பிலையும், வெந்தயமும் வெந்தியமும் நமக்கு ஒன்றே. கணிப்பொறிக்கு அவை வெவ்வேறு பொருள்கள். போதாததற்கு, கடிதம் எழுதும் அவசரத்தில் பாதியை ரோமன் எழுத்தில் தட்டி அனுப்பும் பிள்ளைகளும் இருக்கின்றனர். ஆகவே, குறிச்சொற்களைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி, இதுவே நம் வீட்டு எழுத்துமுறை என்று முடிவு செய்துகொள்ளவேண்டும். குறிப்பின் உட்பகுதியில் அன்னை எழுதியது ‘கொழம்பு’ என்றே இருக்கட்டும். அது அவர் குரல். தலையில் இடும் குறிச்சொல்லில் மட்டும் ‘குழம்பு’ என்று ஒரே சீராக இருத்தல் வேண்டும்.

இனி, சலித்தலைப் பார்ப்போம். இங்கே மூன்று சிறு சொற்கள் நமக்குச் சல்லடையாக அமைகின்றன. அவை ‘மற்றும்’, ‘அல்லது’, ‘நீங்கலாக’ என்பன. ரசம் மற்றும் அரை மணி என்றால், இரு குறிகளும் உள்ளவை மட்டுமே நிற்கும், பட்டியல் சுருங்கும். ரசம் அல்லது குழம்பு என்றால் இரண்டும் வரும், பட்டியல் விரியும். வெங்காயம் நீங்கலாக என்றால், அது சேர்ந்தவை விலகும். முதல் இரண்டையும் மாற்றிப் பொருத்திவிட்டு, ஒன்றுமே வரவில்லையே என்று மென்பொருளைக் குறைகூறுவோர் உளர். ஏழெட்டு நிபந்தனைகளை ‘மற்றும்’ கொண்டு அடுக்கினால் எந்தச் சல்லடையிலும் எதுவும் மிஞ்சாது. இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்வதே நலம்.

இவ்வாறு அமைத்த சல்லடைக்குப் பெயரிட்டுச் சேமித்துவிட்டால், அதுவே நம் சமையல் ஏடு. இவ்வேட்டின் இயல்பை நன்கு உணர்ந்துகொள்ளவேண்டும். இதில் குறிப்புகள் படியெடுத்து ஒட்டப்படுவதில்லை. நாம் கேட்ட வினா மட்டுமே இதில் சேமிக்கப்பட்டுள்ளது. ஏட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவ்வினா புதிதாகக் கேட்கப்படுகிறது. எனவே, நேற்று அத்தையிடம் கேட்டு எழுதிய கொள்ளு ரசத்துக்கு உரிய குறிச்சொற்களை இட்டிருந்தால், இன்று அது ‘வார நாள் மாலை’ என்னும் ஏட்டில் தானே வந்து அமர்ந்திருக்கும். அதே ரசம் ‘சளி பிடித்த நாள்’ என்னும் ஏட்டிலும் நிற்கும். குறிப்பு ஒன்றே, ஏடுகள் பல. அதில் ஒரு பிழையைத் திருத்தினால் எல்லா ஏடுகளிலும் அது திருந்திவிடும்.

ஆனால், எல்லா ஏடுகளையும் சல்லடையால் அமைத்துவிட இயலாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும், கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும், பெற்றோர் நினைவு நாளுக்கும் நம் குடும்பத்தில் இன்னின்ன பண்டம் என்று ஒரு மரபு இருக்கும். அதை நாமே ஒவ்வொன்றாகத் தேர்ந்து, சமைக்கும் வரிசையிலேயே வைத்தல் நன்று. நாள்தோறும் மாறும் தேவைக்குச் சல்லடை. மாறாத மரபுக்குக் கைத்தேர்வு.

சல்லடையை நம்புவோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள் சொல்லவேண்டும். குறிச்சொல் இடாத குறிப்பு எந்த ஏட்டிலும் தோன்றாது. அது காணாமற் போனதும் நமக்குத் தெரியாது. எங்கள் அன்னையின் குரற்செய்திக்கு நேர்ந்தது அதுவே. ஆகையால், ‘குறி இடாதவை’ என்று ஓர் ஏட்டை அமைத்து, வாரம் ஒருமுறை அதைத் திறந்து பார்த்து வெறுமையாக்கவேண்டும். இரண்டாவது, உடல்நலத்தைப் பற்றியது. ‘கோதுமை நீங்கலாக’ என்று சலித்தவுடன், கோதுமைப் புரதம் ஒவ்வாதவருக்கு அவ்வேடு முழுதும் ஏற்றது என்று எண்ணிவிடலாகாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருப்பதுண்டு. குறிப்பில் ‘பெருங்காயம்’ என்று மட்டுமே எழுதியிருக்குமாதலால் சல்லடை அதைக் கண்டுபிடிக்காது. டப்பாவின்மேல் அச்சிட்டிருப்பதை நம் கண்ணால் படித்தே தீரவேண்டும்.

குறிப்புகளை ஏற்றும்போது அளவைக் குறித்தும் கவனம் வேண்டும். பழைய ஏடுகளில் ஆழாக்கு, படி, பலம், வீசை என்னும் அளவுகள் காணப்படும். நாற்பது பலம் ஒரு வீசை. பலம் என்பது சுமார் 35 கிராம். வீசை சுமார் 1,400 கிராம். நிறுத்தலளவையில் குழப்பம் குறைவு. படியோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் நாடெங்கும் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. எனினும், பாட்டியின் குறிப்பிலுள்ள படி எந்த ஊர்ப் படி என்பதை அவ்வீட்டார்தான் சொல்ல முடியும். இதைவிடக் கடினமானவை ‘கையளவு’, ‘எலுமிச்சங்காய் அளவு’, ‘கண் பார்வைக்கு’ என்பன. யாருடைய கை, எந்த எலுமிச்சங்காய் என்று மென்பொருள் அறியாது. எண்ணையும் அளவின் பெயரையும் தனித்தனியே பதிவு செய்திருந்தால்தான், நால்வருக்குரிய குறிப்பை ஒருவருக்கோ பத்துப் பேருக்கோ அது பெருக்கியும் வகுத்தும் தரும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, சிறிய நிறுவைத் தராசு ஒன்றை அடுப்பருகே வைத்துவிடுங்கள். அன்னையோ மாமியாரோ தம் பழக்கப்படியே கையால் புளியை எடுக்கட்டும். அதை வாணலிக்குச் செல்லுமுன் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ‘இதையெல்லாமா நிறுப்பார்கள்?’ என்று அவர் நகைப்பார். நகைத்தால் நகைக்கட்டும், அவ்வெண் நம் ஏட்டில் நிலைத்துவிடும்.

இடத்தையும் மறந்துவிடலாகாது. ஊரில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும் இட்லி மாவு, தில்லியின் மார்கழிக் குளிரில் மறுநாள் நண்பகலிலும் அசையாது கிடக்கும். கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் தண்ணீர் 97 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். இத்தகைய அனுபவங்களைக் குறிப்பின் அடியில் ‘இவ்வூரில்’ என்று தலைப்பிட்டு எழுதி வைப்பது நன்று. மூலக் குறிப்பை அழிக்காமல், நாம் கண்டதை அதன் கீழ் சேர்ப்பதே முறை.

முடிவாக, காப்பைப் பற்றி ஒரு சொல். கைப்பேசி உடையும், தொலையும், மென்பொருளும் ஒரு நாள் நின்றுபோகலாம். தொகுப்பின் படி ஒன்றை வேறோர் இடத்திலும், மற்றொரு படியை உடன்பிறந்தார் ஒருவரிடத்திலும் வைத்தல் அவசியம். குறிப்புகளை வெளியே எடுத்துச் செல்ல இடம் தராத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடலாம். குரற்செய்தியை எழுத்தாக்கிய பின் அழித்துவிடாதீர்கள். எழுத்து தேடுவதற்கு; குரல் கேட்பதற்கு.

ஒரே நாளில் ஐந்நூறு குறிப்புகளை ஒழுங்கு செய்ய முற்பட்டு மலைத்துப் போகவேண்டா. இந்த வாரம் பத்துக் குறிப்புகள் போதும். பிள்ளைகள் அடிக்கடி கேட்பவை ஐந்து, முதியவர் ஒருவரைத் தவிர வேறெவரும் அறியாதவை ஐந்து என்று தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டாவது ஐந்துக்கே முதலிடம் தரவேண்டும் என்பது எங்கள் கருத்து. மற்றவை அடுத்த ஆண்டும் கிடைக்கும்.

எங்கள் ஏட்டில் இப்பொழுது ‘அம்மா’ என்றொரு குறிச்சொல் உண்டு. அதன் கீழ் நாற்பத்தொரு குறிப்புகள் நிற்கின்றன. பிலாய் நகரில் தனியே தங்கிப் பணிபுரியும் எங்கள் தம்பி மகன், ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு, சென்ற மாதம் அவ்வேட்டைத் திறந்து மாவற்றல் குழம்பு வைத்தான். பாட்டியின் கையால் அதை உண்ட நினைவு அவனுக்கு இல்லை; அப்பொழுது அவன் மிகச் சிறுவன். புளி பாதியே போட்டதாகவும், சரியாக இருந்ததாகவும் எழுதியிருந்தான்.